மேற்கோள் எண் 1: ஒரு பினாங்கு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நிராகரிக்கவில்லை, மதிப்பீட்டாளர்கள் கைக்கே இன்னும் போகவில்லை. மேற்கோள்கள் (எந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டுகிறோம் என்ற குறிப்புகள்) எங்கள் விதிப்படி இல்லை, சரிசெய்து இரண்டு வாரத்துக்குள் அனுப்புங்கள் என்று இதழிலிருந்து மூன்று வரி. எங்கள் வார்டில் சேர்ந்த டிங்கி நோயாளிகளின் பதிவேடுகளை ஒன்றரை வருடம் புரட்டி எழுதிய கட்டுரை இது. மேற்கோள்கள் 43, அவர்கள் அனுமதிப்பது 30.

மாலையில் அச்செடுத்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தபோதுதான் இதழ் கவனிக்காத பெரிய பிழை கண்ணில் பட்டது. எண்களைக் கையால் தட்டியிருந்தேன். மேற்கோள்களுக்கு வரிசையாக எண் போடும் வான்கூவர் முறையில் முதலில் வருவது 1, அடுத்தது 2, அதே கட்டுரை மறுபடி வந்தால் அதே பழைய எண். கடைசி நேரத்தில் எங்கள் கன்சல்டன்ட், அதாவது வார்டின் மூத்த மருத்துவர், முன்னுரையில் ஒரு வாக்கியமும் அதற்கொரு மேற்கோளும் சேர்த்தார், பின்னால் இருந்ததெல்லாம் ஒன்று தள்ளிப்போயிற்று. பட்டியலைத் திருத்தியவள் கட்டுரைக்குள் பாதியைத்தான் திருத்தியிருக்கிறேன். பிளேட்லெட் ஏற்றுவது பற்றிய வாக்கியத்தில் 17 என்று இருக்கிறது, பட்டியலில் 17 கொசு பற்றிய கட்டுரை. நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் அதைத் தேடிப் போனால் என்ன ஆகும் என்று நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது.

மார்ச் 5, புதன்

இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்து எல்லாவற்றையும் ஸோட்டெரோவில் ஏற்றினேன். மேற்கோள்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் இலவச மென்பொருள். இனி இடையில் ஒன்றைச் சேர்த்தாலும் எண்கள் தாமாக மாறிக்கொள்ளும். ஆனால் அது இழுத்து வரும் விவரங்களை அப்படியே நம்பக் கூடாது. ஒரு தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தது, இன்னொன்றில் இதழின் பெயர் சுருங்காமல் முழுதாக நின்றது, மூன்றில் பக்க எண்ணே இல்லை. இதழ்ப் பெயரை எப்படிச் சுருக்குவது என்பதை நாமாக முடிவுசெய்ய முடியாது, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான்.

1978-இல் கனடாவின் வான்கூவரில் சில மருத்துவ இதழாசிரியர்கள் கூடிப் பேசி, மறு வருடம் பொது விதிகளை வெளியிட்டார்கள், வான்கூவர் முறை என்ற பெயர் அதிலிருந்துதான். ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு விதமாகக் கேட்பதைக் குறைக்கத்தான். இன்னும் முழுதாகக் குறையவில்லை. ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் போனால் முதல் ஆறு பெயரும் எட் அல்-உம் (‘மற்றும் பிறர்’) என்கிறது ஒரு வழி, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முறையில் முதல் மூன்று பெயர் போதும். எங்கள் இதழுக்கு ஆறு. பக்க எண் 284-287 என்றால் 284-7. நான் இரண்டையும் கலந்து வைத்திருந்தேன்.

மார்ச் 8, சனி

இன்றைக்கு முழு நாளும் ஒரே மேற்கோளோடு போயிற்று, அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

கட்டுரையின் முதல் வாக்கியம், மலேசியாவில் டிங்கி முதலில் பதிவானது பினாங்கில் என்பது. அதற்கு ஸ்கே என்பவர் 1902-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியதைக் காட்டியிருந்தேன். அதை நான் படித்ததில்லை. வேறொரு கட்டுரையின் பட்டியலிலிருந்து எடுத்தது, அவர்களும் வேறெங்கிருந்தோ எடுத்திருக்கலாம். நூலக அக்காவிடம் சொன்னேன். “அப்போ நீ இன்னும் அவரைப் பார்க்கவே இல்லையேம்மா, முதல்ல போய்ப் பார்த்துட்டு வா” என்றார்.

அந்த இதழின் பழைய பக்கங்கள் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் படங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. 1902, இரண்டாம் தொகுதி, 1581-ஆம் பக்கம், தலைப்பு பினாங்கில் டிங்கி காய்ச்சல். திறந்தவுடன் உடம்பு சிலிர்த்தது. நான் பிறந்த தீவு, நான் தினமும் வார்டில் பார்க்கும் அதே காய்ச்சல், நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இரண்டு முறை படித்தேன். 1962-இல் டிங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் இந்நாட்டில் முதலில் வந்ததும் இதே பினாங்கில்தான் என்பதால் அடுத்த வாக்கியத்துக்காக அதே இதழில் வந்த 1965 கட்டுரையையும் தேடிப் படித்தேன். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: இதழ் இப்போது பிஎம்ஜே என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் இந்த இரண்டுக்கும் அன்றைய பெயரின் சுருக்கத்தையே போட வேண்டும். மென்பொருள் ஒன்றில் மாற்றிப் போட்டிருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பெயர்கள். மேற்கத்திய முறையில் குடும்பப் பெயர் முன்னால், மற்றது முதலெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் என் பெயர், ஏ/பி (மலாயில் ‘மகள்’ என்பதன் சுருக்கம்), அப்பா பெயர். முன்பு நானும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, என் பெயர் ஒற்றை எழுத்தாகிவிட்டது. அப்பா அதைப் பார்த்துப் பெருமைப்பட்டார், “என் பேரு வந்திருக்கே” என்று எல்லோரிடமும் காட்டினார், அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உழைத்தது நான், என் பெயரில் தேடினால் நான் கிடைப்பதில்லை. மலாய்த் தோழிக்கும் இதே கதை, அவள் பெயரில் ‘மகள்’ என்ற பொருளில் இருக்கும் பிந்தி கூட ஒரு முதலெழுத்தாகிவிட்டது.

பட்டியலில் நம் ஊர்க்காரர் கட்டுரைகள் எட்டு. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் பெயர்கள் தப்பாகப் பிரிந்திருந்தாலும் நான் அதை மாற்றவில்லை, மாற்றினால் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் கட்டுரையில் மட்டும், எது எங்கள் பெயர் என்று தெளிவாக எழுதி, எல்லோருடைய ஆர்க்கிட் எண்ணையும், அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணையும், சேர்த்திருக்கிறேன். 16 இலக்கம், அது நம்மை விட்டுப் போகாது.

மார்ச் 13, வியாழன்

தோழிக்கு நோன்பு. நோன்பு திறக்கும் நேரம் வரை இருவரும் பேன்ட்ரியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மேற்கோளும் நாங்கள் சொன்னதைத்தான் சொல்கிறதா என்று பார்த்தோம். ஒன்று சொல்லவில்லை. “கடுமையான டிங்கி” என்று 2009 உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி எழுதியிருந்த வாக்கியத்துக்குக் காட்டியிருந்த ஆய்வு, 1997 வகைப்பாட்டில் செய்தது. இரண்டும் ஒன்றல்ல, அந்த எண்ணிக்கையை ஒப்பிடவே முடியாது. வாக்கியத்தை எடுத்துவிட்டோம்.

கன்சல்டன்ட் ஒரு பழைய கதை சொன்னார். 1980-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம்: மருத்துவமனையில் ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) பெற்ற 11,882 பேரில் நால்வருக்குத்தான் அடிமைத்தனம். 2017-இல் அதே இதழில் சிலர் எண்ணிப் பார்த்தார்கள், 608 இடங்களில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அவற்றில் 72.2 விழுக்காடு இடங்களில், அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாக, 80.8 விழுக்காடு இடங்களில், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லாமல். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைக்கு அது எப்படிச் சான்றாகும்? படிக்காமல் போட்ட ஒரு எண் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

மார்ச் 16, ஞாயிறு

43 இப்போது 29. வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரை ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பப்மெட்டில் பார்த்தேன், இல்லை. ஸோட்டெரோவின் இணைப்பை நீக்கிய பிரதியைத்தான் அனுப்ப வேண்டும், இணைப்புள்ள பிரதியைத் தனியாக வைத்திருக்கிறேன். கன்சல்டன்ட் படித்துவிட்டு “சரி, போகட்டும்” என்றார். இரவு 11 மணிக்கு அனுப்பியாயிற்று. முதல் எண்ணில் ஸ்கே இருக்கிறார், 1902, பக்கம் 1581.