தாத்தா செஞ்ச பாவத்துக்கு பேரன் எதுக்குங்க மன்னிப்பு கேக்கணும்?

நம்ம சபைகள் பலதுல பரம்பரைச் சாபம் முறிக்கிற ஜெபம் ரொம்ப சகஜமாயிடுச்சு. கல்யாணம் தள்ளிப்போனா சாபம், பிசினஸ் படுத்தா சாபம், குழந்தை இல்லைன்னா சாபம், உடனே கையில ஒரு பேப்பரைக் கொடுத்து அப்பா வழியில அம்மா வழியில யார் யார் என்னென்ன பாவம் பண்ணாங்கன்னு எழுதச் சொல்றாங்க. தாத்தா மந்திரவாதிகிட்ட போனது வரைக்கும் எழுதுற மனுஷன் நேத்து ராத்திரி பொண்டாட்டியை கை நீட்டினதை எழுத மாட்டார், ஏன்னா அதை யாரும் கேக்கல. எனக்கு ஆத்திரம் வர்றது இங்கதான்.

பைபிள்ல எசேக்கியேல் தீர்க்கதரிசி புத்தகம் 18ஆம் அதிகாரம் இதைத்தான் பேசுது. கி.மு. 597ல யூதா ராஜா யோயாக்கீனோட பாபிலோனுக்கு சிறைபோன ஜனங்கள்ல எசேக்கியேலும் ஒருத்தர், கேபார் நதிப் பக்கம் குடியிருந்தவங்க நடுவுலதான் அவர் ஊழியம். அப்போ ஜனங்க வாயில எப்பவும் ஒரு பழமொழி, பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. சும்மா சொல்லல, அவங்களுக்கு முன்னாடி யூதாவுல மனாசே ராஜா 55 வருஷம் ஆண்டு எருசலேமை குற்றமில்லாத ரத்தத்தால நிரப்பினார், அந்தப் பாவத்துக்காகத்தான் யூதாவுக்கு இந்த அழிவுன்னு ராஜாக்கள் புத்தகமே சொல்லுது. அடி வாங்குனது பின்னாடி வந்த தலைமுறை, அவங்க புலம்பல் நியாயமாத்தான் தெரியும்.

ஆனா ஆண்டவர் இனிமே இந்தப் பழமொழியை வாயில எடுக்காதீங்கன்றார். மூணு தலைமுறையை வரிசையா காட்டுறார், நீதியா வாழ்ந்த அப்பா, கொள்ளையும் கொலையும் பண்ற மகன், அதையெல்லாம் கண்ணால பாத்தும் அந்த வழியில போகாத பேரன். அப்பாவோட நீதி மகனைக் காப்பாத்தல, அந்த மகனோட அக்கிரமம் பேரன் தலையில விழல. "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்." அவ்வளவுதான்.

அப்போ யாத்திராகமம் 20ல மூன்றாம் நான்காம் தலைமுறைன்னு வருதேன்னு கேப்பீங்க, அதே வசனத்துல என்னைப் பகைக்கிறவர்களைக் குறித்துன்னும் இருக்கு, அதை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் பிரசங்கிக்கிறாங்க. குடிகார அப்பா நிலத்தை வித்துட்டா கடன்ல கஷ்டப்படுறது பிள்ளைங்கதான், அதை யாரும் மறுக்கல, ஆனா அது விளைவு, குற்றம் இல்ல, தேவனோட நியாயத்தீர்ப்புல அந்தக் குடி பிள்ளைங்க கணக்குல ஏறாது.

ஆதாம் வழியா வந்த பாவ சுபாவம் இருக்கேன்னா, இருக்கு, ரோமர் 5ஐ நானும் விசுவாசிக்கிறேன். ஆனா 51ஆம் சங்கீதத்தை மெதுவா வாசிச்சுப் பாருங்க, என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்னு சொல்ற அதே தாவீது, அடுத்தவன் மனைவி பத்சேபாளோட பண்ண விபசாரத்துல பழியை அம்மா மேலயோ பரம்பரை மேலயோ தூக்கிப் போடல, என் மீறுதல், என் அக்கிரமம், என் பாவம்னு வரிக்கு வரி "என்" தான்.

ஒரு உபவாச ஜெபத்துல நான் பாத்தது இன்னும் மனசை அறுக்குது. கால்ல காலிப்பர் போட்ட பையனை மடியில வச்சுகிட்டு ஒரு அக்கா முன்வரிசையில உக்காந்திருந்தாங்க, ஊழியக்காரர் மைக்கை ஆஃப் பண்ணாமலே உங்க குடும்பத்துல யாரும்மா பாவம் பண்ணதுன்னு கேட்டார். அவங்க பையனோட ஷூ வாரை திரும்பத் திரும்ப இழுத்து சரி பண்ணிட்டே இருந்தாங்க, தலையைத் தூக்கவே இல்ல.

யோவான் 9ல பிறவிக் குருடன் ஒருத்தனைப் பாத்து சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான், இவன் செய்த பாவமா, பெத்தவங்க செய்த பாவமான்னு. ரெண்டும் இல்லைன்னு இயேசு முடிச்சுட்டார். ஆனா நாம அங்கேயே பைபிளை மூடிடுறோம், கண்ணு திறந்த அந்த மனுஷனை பரிசேயர்ங்கிற யூத மதக் கூட்டத்தார் நீ முழுக்க பாவத்துல பிறந்தவன்னு சொல்லி வெளியே தள்ளினதும், அதைக் கேள்விப்பட்டு இயேசு அவனைப் போய் பாத்ததும் அதே அதிகாரத்துலதான் இருக்கு. யாராவது உங்ககிட்ட பேப்பர் நீட்டினா அவரோட உக்காந்து 41ஆம் வசனம் வரைக்கும் வாசிங்க, உங்கள் பாவம் நிலைநிற்கிறதுன்னு இயேசு அங்க சொன்னது அந்தக் குருடனைப் பாத்து இல்ல, அவனைத் தள்ளிவிட்ட கூட்டத்தைப் பாத்து.