வாரிசே மிஞ்சாத கொலை

சட்டக் கல்லூரியில் 1948 இனப்படுகொலை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவை மனப்பாடமே செய்திருந்தேன். தேசிய, இனக்குழு, இன, மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். அரசியல் குழுக்களைப் பேச்சுவார்த்தையிலேயே கழற்றிவிட்டார்கள். அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

பிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்டவியல் நூல்களை அப்புறம்தான் புரட்டினேன். இப்படியொரு தனிக் குற்றம் அங்கே இல்லை. எப்படி இருக்கும்? இனப்படுகொலை (genocide) என்ற சொல்லை உருவாக்கிய சட்ட அறிஞர் லெம்கின் அதை நூலில் எழுதியதே 1944-இல்தான். ஆனால் போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதற்கு நபிமொழியில் தடை உண்டு.

நான் தடுமாறிய இடம் நோக்கம். அது மனத்துக்குள் இருப்பது, அதனால் கொலைக் கருவியைப் பார் என்றார்கள் பிக்ஹு அறிஞர்கள். கூரிய ஆயுதம் என்றால் வேண்டுமென்றே செய்த கொலை. சர்வதேச நீதிமன்றமோ 2007-இல், போஸ்னியா வழக்கில், செயல்களின் போக்கு அழிக்கும் நோக்கத்தைத் தவிர வேறெந்த நோக்கத்துக்கும் இடம் தரக் கூடாது என்றது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் நடந்த கொலைகளை மட்டுமே இனப்படுகொலையாக ஏற்றது.

சரி, தண்டனை? கொலைக்குக் கொலை என்ற பழிவாங்கும் தண்டனையான கிஸாஸில், பழி கேட்பதும் மன்னிப்பதும் கொல்லப்பட்டவருடைய வாரிசின் உரிமை. குடும்பம் மொத்தமும் போய்விட்டால்? வாரிசு இல்லாதவருக்கு ஆட்சியாளரே பொறுப்பாளர். இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபி சட்டத்தில் அவர் பழி கேட்கலாம், இழப்பீடு வாங்கலாம். சும்மா மன்னிக்க மட்டும் முடியாது. அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கொன்றவரே ஆட்சியாளர் என்றால் யாரிடம் போவது? உடன்படிக்கையின் நான்காம் பிரிவு ஆட்சியாளரையும் தண்டிக்கச் சொல்கிறது. பிடித்துக்கொண்டு வருவது யார் என்பதில்தான் அதுவும் திணறுகிறது.