லேசருக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை

தாடையில் முடி வளர்கிறது என்றால் பார்லருக்குப் போ, இல்லையென்றால் லேசர் எடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது ஏன் வளர்கிறது என்று என்னிடம் கேட்டவர் மதுரையில் நான் பார்த்த தோல் மருத்துவர் ஒருவர்தான். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முடி மெல்ல மெல்ல வந்ததா, குரல் கட்டையாகி இருக்கிறதா என்று விசாரித்தார். சில மாதங்களுக்குள் மளமளவென்று வளர்ந்து குரலும் மாறினால், சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டுமாம். மேல் உதடு, தாடை, மார்பு, முதுகு என்று 9 இடங்களைப் பார்த்து, முடி எவ்வளவு அடர்த்தி என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டார்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை: ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், பிறவியிலேயே வரும் அட்ரீனல் கோளாறைக் கண்டுபிடிக்க 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். மாதவிடாய் தொடங்கிய முதல் சில நாட்களுக்குள், காலையிலேயே ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். எனக்கு வந்திருந்தது பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு, நம் ஊரில் நீர்க்கட்டி என்று சொல்வது. கருத்தடை மாத்திரையும், ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் தொடங்கினோம். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும்போது கருத்தரிக்கவே கூடாது. பலன் தெரிய 6 மாதமாவது ஆகும் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் நடுவிலேயே நிறுத்தியிருப்பேன்.

லேசர் அதற்குப் பிறகுதான். முடியிலுள்ள கருமை ஒளியை வாங்கிச் சூடாகி வேரைச் சுடுகிறது. நம் தோலிலும் அதே கருமை இருப்பதால் தவறான மெஷினில் கொப்புளம், கரும்புள்ளி வரலாம். எனக்குக் கருமையான தோலுக்கு ஏற்ற 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர். முதலில் காதுக்குக் கீழே சின்ன இடத்தில் அடித்துப் பார்த்தார்கள். வேர் உள்ளே இருக்க வேண்டும் என்பதால் பல வாரங்கள் த்ரெடிங், வாக்ஸிங் கூடாது, சவரம் செய்யலாம். "சவரம் பண்ணா இன்னும் அடர்த்தியா வரும்டி" என்று அம்மா பதறினார். அப்படி வராது, பிளேடு வேரைத் தொடுவதே இல்லை.

ஜில்லென்று ஜெல், அப்புறம் ரப்பர் பேண்டால் சுண்டியது போல வலி, கருகும் வாடை. தாடையில்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வளரும் கட்டத்தில் இருக்கும் முடி மட்டும்தான் ஒரு தடவையில் மாட்டும் என்பதால் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். வெள்ளை முடிக்கு லேசர் வேலை செய்யாது. எனக்கு முடி குறைந்து, மெலிந்துவிட்டது, முழுக்கப் போகவில்லை. மாத்திரை தொடர்கிறது, எப்போதாவது ஒரு சிட்டிங் போய் வருகிறேன்.