மொழிபெயர்க்காத ஒரு வரி

"இதோட முடிஞ்சிடும்தானே சிஸ்டர்?" என்று கேட்டார் அந்த அக்கா. "முடிஞ்சிடும்க்கா" என்றேன். நடந்தது அவ்வளவுதான்.

பெங்களூரு அல்சூர்க்காரர். கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்து, சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்து, அப்புறம் ரேடியேஷனும் கொடுத்திருந்தார்கள். உள்ளே எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். ரேடியேஷன் பட்ட இடத்தில் அது இறுகிப்போகிற வாய்ப்பு அதிகம். அந்த இறுக்கத்தைச் சொல்கிற பேக்கர் அளவில் இவருக்கு 4-ம் நிலை, அதுதான் கடைசி. தொட்டால் கல். மேலே ஏறிக் கோணிப்போய், ஒருக்களித்துப் படுக்க முடியாத வலி.

உறையோடு எடுத்துவிட்டு அப்படியே விடலாம், இல்லை புதிதாக ஒன்று வைக்கலாம் என்றார் டாக்டர். வயிற்றுச் சதையை எடுத்து வைப்பது அக்காவுக்கு முதலிலேயே பிடிக்கவில்லை. புதிதாக வைத்தால் மறுபடியும் இறுகலாம் என்பதையும் டாக்டர் கன்னடத்தில் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

படிவத்தில் ஒரு வரி உண்டு: இது ஆயுளுக்கும் தாங்கும் பொருள் அல்ல, மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். அமெரிக்காவில் 2021-ல் இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே ஆக்கிவிட்டார்கள். என் விரல் அந்த வரிக்கு வந்தபோதுதான் அவர் கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லவே இல்லை. பதில் மட்டும் சொன்னேன்.

பொய் என்று அப்போது தோன்றவில்லை. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தவிர, "எடுத்துட்டா ரவிக்கை போட்டா தெரியுமே" என்று முந்தின நாளே சொன்னவர். முடிவு அப்போதே எடுத்தாயிற்று, நான் சொல்லியிருந்தாலும் மாறியிருக்காது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மாறியிருக்காது என்றால் சொல்லித் தொலைத்திருக்கலாமே?

ஆபரேஷன் முடிந்து, நீர் வடிய வைத்திருந்த டிரெய்ன் குழாயை எடுத்த அன்று, "நீங்க சொன்ன தைரியத்துலதான் போட்டுக்கிட்டேன் கண்ணு" என்றார். டிஸ்சார்ஜ் அட்டையில் 5, 6 வருஷம் கழித்து ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். சிலிக்கோன் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம், அதற்காக.

"அது எதுக்கு?" என்றார்.

"சும்மா ஒரு செக்கப்க்கா."