சீரியல் நம்பர் சரி, வாட்ச் சரியா? ஓமேகா 321 வாங்கப் போன அனுபவம்

சுவிட்சர்லாந்தில் நான் இருக்கும் ஊரில் ஒரு வியாபாரியிடம் பழைய ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம், 145.012 மாடல், விலைக்கு வந்தது. 321 என்ற மூவ்மெண்ட் (வாட்சுக்குள் ஓடும் இயந்திரம்) போட்ட கடைசி ஸ்பீட்மாஸ்டர் அதுதான். 1968-இல் 861 என்ற அடுத்த மூவ்மெண்ட் வந்ததும் 321-ஐ நிறுத்திவிட்டார்கள், இரண்டுக்கும் விலையில் அவ்வளவு வித்தியாசம் இருப்பது அதனால்தான். பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன், மனிதர் முகம் சுளிக்காமல் திறந்தார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் எல்லாம் அம்சமாக இருந்தது. மூவ்மெண்ட்டின் செம்பு நிறம் மங்கவில்லை, பட்டனை அமுக்க அமுக்கக் கோட்டைக் கொத்தளம் மாதிரி தூண் தூணாக நிற்கும் அந்தக் குட்டிச் சக்கரம் ஒவ்வொரு அடியாகத் திரும்புகிறது (861-இல் இது கிடையாது, அந்த வேலையைச் செய்வது கேம் என்ற வளைந்த தகடுதான்), மூடிக்குள் 145.012-67 முத்திரை, மூவ்மெண்ட்டில் எட்டு இலக்க எண், இரண்டரைக் கோடியை ஒட்டி. 1967-க்குப் பொருந்துகிற எண்.

சிக்கலே அங்கேதான். அந்தக் கால ஓமேகாவில் சீரியல் நம்பர் மூவ்மெண்ட்டில் இருக்கும், கேஸில் (வெளிக்கூட்டில்) இருக்காது. மூவ்மெண்ட்டின் வயது தெரியும், அது முதலில் எந்தக் கேஸில் உட்கார்ந்தது என்று தெரியாது. ஓமேகாவின் இன்னொரு ஸ்டாப்வாட்ச் வகை வாட்சான சீமாஸ்டர் க்ரோனோகிராஃபிலும் இதே 321 உண்டு, அதற்கு விலை கம்மி. அதிலிருந்து கழற்றி ஸ்பீட்மாஸ்டர் கேஸில் மாட்டிவிட்டால் பாகமெல்லாம் அசல், வருஷமும் ஒத்துப்போகும், ஆனாலும் ஒட்டுப்போட்ட வாட்ச்தான்.

சரி என்று ஓமேகாவின் ஆவணப் பிரிவுக்கு எழுதிப்போட்டேன். பழைய பதிவேட்டைப் பார்த்து அந்த எண் எந்த மாடலில், எப்போது தயாராகி, எந்த நாட்டுக்குப் போனது என்று அப்போது எழுதித் தந்தார்கள். வந்த பதில்: சீமாஸ்டர்.

பதிவேட்டில் தப்பு நடந்திருக்கும் என்றார் வியாபாரி. நடந்திருக்கலாம், அந்த விலைக்கு அதை நான் ஏன் சுமக்க வேண்டும்? பெரிய இடத்திலேயே இது நடக்கிறது. 2021-இல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் ஃபிராங்குக்கு மேல் போன ஸ்பீட்மாஸ்டரை ஓமேகாவே தன் அருங்காட்சியகத்துக்கு வாங்கியது, அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது என்று 2023-இல் வெளியே வந்தது.

2019-இல் 321-ஐ மறுபடி தயாரிக்க ஆரம்பித்தார்களே, அதனால் பழசும் புதுசும் குழம்பாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சந்திரனுக்குப் போன ஜீன் செர்னனின் வாட்சையே ஸ்கேன் எடுத்துச் செய்தது அது. ஆனால் புதுசின் மூவ்மெண்ட்டில் இருக்கும் செட்னா தங்கப் (ஓமேகாவின் சிவந்த தங்கம்) பூச்சு பார்த்தவுடன் தெரிந்துவிடும், கண்ணாடிப் பின்மூடி வேறு. பழசுக்குள் பழசை மாற்றி வைப்பதைத்தான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் நான் வாங்கியது ஒரு சீமாஸ்டர் 321. அதற்கும் எழுதிப்போட்டேன், மாடல், வருஷம் இரண்டும் பொருந்தின. ரீசெட் பட்டன் மட்டும் கொஞ்சம் முரடு, சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன்.