அம்மா தேய்த்து எடுத்த பச்சை

தீபாவளிக்கு முந்தின வாரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், அம்மா சமையலறைத் தொட்டியில் என் வெண்கலப் பெண் சிலையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு சாண் உயரம்தான், தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். "பச்சை பிடிச்சுப் போயிருந்துச்சுடா, பாவம்."

அந்தப் பச்சைக்கு நான் இரண்டு சனிக்கிழமை செலவழித்திருந்தேன்!

முதலில் லிவர் ஆஃப் சல்ஃபர் என்ற கந்தகக் கலவையின் கரைசல், முட்டை அழுகின நாற்றம். அதில் கறுத்ததும் மேடான இடங்களை மட்டும் நாரால் தேய்த்துவிட்டால் மடிப்புகளில் கறுப்பு தங்கும். அப்புறம் கேஸ் டார்ச்சால், தண்ணீர் தெளித்தால் சொய்யென்று ஆவியாகும் அளவுக்குச் சூடாக்கி, காப்பர் நைட்ரேட்டைத் தூரிகையால் மெல்ல மெல்லத் தட்டினால் பச்சை எழும்பும். ஃபெரிக் நைட்ரேட் என்றால் செம்பழுப்பு. சூடு ஆறுமுன் மெழுகு பூச வேண்டும், அதைத்தான் நான் மெல்லிசாகப் பூசிவிட்டேன். புளியின் அமிலத்துக்கு அது எம்மாத்திரம்?

சிங்கப்பூரில் விக்டோரியா தியேட்டர் முன்னால் நிற்கும் ராஃபிள்ஸின் (நவீன சிங்கப்பூரை நிறுவியவர்) வெண்கலச் சிலை, சிற்பி தாமஸ் வூல்னர் செய்து 1887இல் திறந்தது, அந்தக் கருமைதான் அவருக்குக் கம்பீரம். ஆற்றோரத்து வெள்ளை நகலில் எனக்கு அது கிடைப்பதில்லை. கேவனா பாலத்துப் பக்கம் ஆற்றில் குதிக்கும் ஐந்து பையன்களையும் (சிற்பி சோங் ஃபா சியோங், 2000) பாருங்கள், வெண்கலத்துக்கு ஈரத்தோல் வந்த மாதிரி இருக்கும்.

என் பெண் இப்போது சாமி விளக்குக்குப் பக்கத்தில் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறாள். அம்மா குங்குமம் வேறு வைத்துவிட்டார்.