தீயும் நீரும் வந்தால்: ஓவிய வரலாற்றுத் தேர்வுக்கு என் வழி

நேற்று முடிவு வந்துவிட்டது. ஓவிய வரலாற்றில் ‘ஏ’. இப்போதுதான் மூச்சு சீராகிறது. அடுத்த செமஸ்டரில் இந்தப் பாடம் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காகச் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

தேர்வில் வருபவை தீ, நீர், காற்று, நிலம் என்ற நான்கு பூதங்களைக் காட்டும் ஐரோப்பிய ஓவியங்கள். படத்தைத் திரையில் போட்டதுமே சின்னங்களை அடுக்கத் தொடங்காதீர்கள். முதல் கேள்வி: இதை யாருக்காக வரைந்தார்கள்? எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது இந்த ஒன்றுதான்.

பொருள்களை அடுக்கி முகம் வரைந்த இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்தோவின் ‘தீ’ (1566) வந்தது. எரிகிற விறகு தலைமுடி, மெழுகுவத்தியும் விளக்கும் கழுத்து, பீரங்கி மார்பு. இவ்வளவையும் எல்லோரும் எழுதுவார்கள். கன்னத்தைப் பாருங்கள்: சிக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீ மூட்டும் இரும்பு. சங்கிலியில் தொங்குவது தங்க ஆட்டுத்தோல், ஹாப்ஸ்பர்க் என்ற ஐரோப்பிய அரச வம்சத்தாரின் வீரர் சபைச் சின்னம். அந்தச் சபையின் சங்கிலிக் கண்ணிகளே இதே இரும்பும் கல்லும்தான்! ஆக, அந்த முகம் அந்த வம்சத்துப் பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனின் அதிகாரம். அதே 1566இல் ஹங்கேரியில் ஒட்டோமான் படையோடு போர். பீரங்கி ஏன் என்று அப்புறம் சொல்லவா வேண்டும்? விசித்திர முகம் என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண் போய்விடும்.

நம் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்:

- நம் ஐம்பூதங்களில் உள்ள ஆகாயத்தைத் தேடாதீர்கள். கிரேக்கத் தத்துவஞானி எம்பெடோக்ளிஸ் வழி வந்த பூதங்கள் நான்குதான்.
- மயிலைக் கண்டதும் முருகன் நினைவு வரும். இங்கே அது ரோமானியத் தெய்வம் ஜூனோவின் பறவை, காற்றைக் குறிக்கும்.
- பல்லி போன்ற உருவம் தீக்குள் இருந்தால் சாலமாண்டர், தீயில் வாழும் என்று நம்பப்பட்ட உயிரி. பச்சோந்தி என்றால் காற்று. அது காற்றையே தின்று வாழும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.
- ஆர்ச்சிம்போல்தோ பருவங்களையும் வரைந்தார்; பருவம்–பூதம் ஜோடிகள்: கோடை–தீ, குளிர்–நீர், வசந்தம்–காற்று, இலையுதிர்–நிலம். மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அதே காலத்து ஃபிளெமிஷ் ஓவியர் பியூக்கலாரைப் பலர் தொடுவதில்லை. எனக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கும். அவருடைய ‘நீர்’ (1569) ஒரு மீன் கடை, நம் சிங்கப்பூர்த் தேக்கா சந்தை போலவே நெரிசல். மீன்களைத் தாண்டி நடுவிலுள்ள வளைவுக்குள் பாருங்கள்: தூரத்தில், சின்னதாக, சீடர்களுக்குக் காட்சி தரும் இயேசு. முன்னால் கிடப்பது பன்னிரண்டு வகை மீன். சீடர்களும் பன்னிருவர்.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் மேல்மாடிகளில் பெரிய ஓவியப் புத்தகங்கள் இருக்கின்றன. வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். கைப்பேசித் திரையில் அந்த இயேசு தெரியவே மாட்டார். தனியாகப் போங்கள், கூட்டமாகப் படித்தால் எனக்கு எதுவும் ஏறாது.